எச்எம்எஸ் மான்ட்ரோஸ்: பனிக்கடலுக்குக் கட்டி பாரசீக வளைகுடாவில் உழைத்த கப்பல்

2019 ஜூலை 10 அன்று ஹார்முஸ் நீரிணையில் ஈரான் படகுகளை விலகிப் போகவைத்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் மான்ட்ரோஸ், ஒன்பதே நாள் கழித்து ஈரான் பிடித்த ஸ்டெனா இம்பெரோ என்ற எண்ணெய்க் கப்பலை ஏன் காப்பாற்றவில்லை, அந்த ஒரு சம்பவத்தைத் தவிர 29 வருஷத்தில் அது உருப்படியாக என்னதான் செய்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பின்பாதிக்குப் பதில் தெரிந்தால்தான் முன்பாதி விளங்கும். அதனால் கப்பல் கட்டிய காலத்திலிருந்தே வருகிறேன்.

மான்ட்ரோஸ் ஒரு டைப் 23 ஃபிரிகேட், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். இந்த வகையில் மொத்தம் 16 கப்பல்கள் கட்டினார்கள், எல்லாவற்றுக்கும் பிரிட்டிஷ் டியூக்குகளின் பட்டப்பெயர். இதன் வடிவமைப்பு தொடங்கியபோது பிரிட்டிஷ் கடற்படையின் தலைவலி ஒன்றே ஒன்றுதான்: சோவியத் நீர்மூழ்கிகள். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து இவற்றுக்கு இடைப்பட்ட கடல் வழியாக அவை அட்லாண்டிக்குக்குள் இறங்கும். அங்கே மெதுவாக, சத்தமில்லாமல் உலாவிக்கொண்டு, பின்னால் நீளமான கேபிளில் ஒலி உணர்விகளை இழுத்துச் செல்லும் ஒரு மலிவான கப்பல் வேண்டும் என்பதுதான் முதல் யோசனை. ஆயுதம் பெரிதாகத் தேவையில்லை, காது கூர்மையாக இருந்தால் போதும் என்று நினைத்தார்கள்.

அப்புறம் 1982-ல் அர்ஜென்டினாவோடு ஃபாக்லாந்து போர் வந்தது. எக்சோசெட் ஏவுகணையிலும் விமானக் குண்டிலும் ஷெஃபீல்ட், கவன்ட்ரி, ஆர்டன்ட், ஆன்டிலோப் என்று வரிசையாகக் கப்பல்களை இழந்தபோது, தற்காப்பு இல்லாத மலிவுக் கப்பல் என்ற எண்ணம் அடிபட்டுப் போனது. டைப் 23-இன் வரைபடத்தில் செங்குத்தாக ஏவும் சீ உல்ஃப் வான் தற்காப்பு ஏவுகணைகள் 32, முன்பக்கம் 4.5 அங்குல பீரங்கி, கப்பலைத் தாக்கும் ஹார்ப்பூன் ஏவுகணை, ஹெலிகாப்டர் கூடம் எல்லாம் ஏறின. 133 மீட்டர் நீளத்தில், 185 பேர் ஓட்டக்கூடிய முழுப் போர்க்கப்பலாக அது மாறியது. நீர்மூழ்கி வேட்டைக்கு இந்த வடிவமைப்புக்கு ஈடில்லை என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். காரணம் இன்ஜின் அமைப்பு. மெதுவாகப் போகும்போது டீசல் ஜெனரேட்டர்கள் மின்சாரம் தயாரிக்கும், சுழலியை மின் மோட்டார் சுற்றும். ஜெனரேட்டர்களின் அதிர்வு தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்பதற்காக அவற்றில் இரண்டை நீர்மட்டத்துக்கு மேலேயே வைத்தார்கள். வேகம் வேண்டும்போது ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பே வாயு டர்பைன்கள் சேர்ந்துகொள்ளும், 28 நாட் வேகம் வரை போகலாம். அந்த டீசல்கள் பாக்ஸ்மன் வாலென்டா. பிரிட்டனில் வெகுகாலம் ஓடிய இன்டர்சிட்டி 125 ரயில்களை இழுத்ததும் அதே குடும்பத்து இன்ஜின்தான். ரயில் பைத்தியங்களும் கப்பல் பைத்தியங்களும் சண்டையில்லாமல் பேசிக்கொள்ளும் விஷயம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். கிளாஸ்கோவின் ஸ்காட்ஸ்டவுனில், யாரோ (Yarrow) என்ற நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் மான்ட்ரோஸின் அடிக்கட்டை போடப்பட்டது 1989 நவம்பர் 1. பெர்லின் சுவர் திறந்தது நவம்பர் 9. கப்பலை நீரில் இறக்கியது 1992 ஜூலை 31. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மால்கம் ரிஃப்கிண்டின் மனைவி அதை இறக்கிவைத்தபோது சோவியத் யூனியன் என்ற நாடே இல்லை. 1994 ஜூன் 2 அன்று கடற்படையில் முறைப்படி சேர்ந்தபோது, யாரை வேட்டையாடக் கட்டினார்களோ அந்த நீர்மூழ்கிகளில் பல துறைமுகத்தில் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. மான்ட்ரோஸின் பணிக்காலம் முழுக்க இந்தப் பொருத்தமின்மையின் கதைதான். போதாததற்கு டைப் 23 கப்பல்களுக்குக் குறித்திருந்த ஆயுள் 18 வருஷம். அதன்படி மான்ட்ரோஸ் 2012 வாக்கில் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அது பெயர் வாங்கிய வேலைகளில் பெரும்பாலானவை அதற்கு அப்புறம் நடந்தவை.

அதற்கு முந்திய வருஷங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். நேட்டோ அணிகளில் பங்கு, தென் அட்லாண்டிக் ரோந்து, 2010-ல் சோமாலியாப் பக்கம் கடற்கொள்ளைத் தடுப்பு. எல்லாம் எந்த ஃபிரிகேட்டும் செய்யும் வேலைகள். ஒரு முடிவு மட்டும் முக்கியமானது. நீர்மூழ்கிகளை ஒலியால் கண்டுபிடிக்கும் புதிய இழுவை சோனாரான 2087 வந்தபோது, எல்லாக் கப்பலுக்கும் பொருத்தப் பணமில்லை. எட்டுக் கப்பல்களுக்குப் பொருத்தினார்கள். பணியில் மிஞ்சிய மான்ட்ரோஸ், மன்மத், லங்காஸ்டர், அயர்ன் டியூக், ஆர்கைல் ஆகிய ஐந்துக்கும் கிடைக்கவில்லை. இவை பொதுப்பணி ஃபிரிகேட்டுகள் ஆயின. நீர்மூழ்கி வேட்டைக்காக உலகின் ஒரு மூலையில் கட்டிப்போட வேண்டிய அவசியம் இல்லாததால், ரோந்துக்கு எங்கே கப்பல் தேவைப்பட்டாலும் இந்த ஐந்தில் ஒன்றை அனுப்புவது வழக்கமானது.

2012 ஆரம்பத்தில் மான்ட்ரோஸ் ஃபாக்லாந்து பக்கம் ரோந்தில் இருந்தது. அதை மாற்றிவிட டான்ட்லெஸ் என்ற புத்தம்புது டெஸ்ட்ராயரை (ஃபிரிகேட்டைவிடப் பெரிய போர்க்கப்பல்) அனுப்பப் போகிறோம் என்று லண்டன் அறிவித்தது. போரின் 30-வது ஆண்டு நினைவு நெருங்கும் நேரம், இளவரசர் வில்லியமும் ஹெலிகாப்டர் பைலட்டாக அங்கே போகிறார். அர்ஜென்டினா கொதித்துவிட்டது, ராணுவமயமாக்கல் என்றது. பிரிட்டன் சொன்ன பதில், ஒரு கப்பல் போய் இன்னொன்று வருகிறது, வழக்கமான முறைமாற்றம்தான் என்பது. அது உண்மையும்கூட. மாதக்கணக்கில் அங்கே நின்ற மான்ட்ரோஸைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, அதன் இடத்துக்கு வரப்போகும் கப்பல்தான் தலைப்புச் செய்தி ஆனது.

இரண்டு வருஷம் கழித்து வந்த வேலை வித்தியாசமானது. 2013 ஆகஸ்டில் டமாஸ்கஸின் கூத்தா பகுதியில் நடந்த ரசாயனத் தாக்குதலுக்குப் பிறகு, சிரியா தன் ரசாயன ஆயுதக் கையிருப்பை ஒப்படைக்கச் சம்மதித்தது. அறிவிக்கப்பட்ட கையிருப்பு சுமார் 1,300 டன். உள்நாட்டுப் போர் நடக்கும் நாட்டிலிருந்து அதை எப்படி வெளியே கொண்டுவருவது? லட்டாக்கியா துறைமுகத்தில் டென்மார்க்கின் ஆர்க் ஃபியூச்சுரா, நார்வேயின் தைக்கோ என்ற இரண்டு சரக்குக் கப்பல்களில் ஏற்ற வேண்டும், டென்மார்க், நார்வே, பிரிட்டன் போர்க்கப்பல்கள் காவல் போக வேண்டும் என்று ஏற்பாடு. ரஷ்யாவும் சீனாவும்கூட இதற்குக் கப்பல் அனுப்பின. பிரிட்டன் தரப்பில் 2014 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது மான்ட்ரோஸ். சிரியா சரக்கை ஒரேயடியாகத் தரவில்லை, இழுத்தடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தந்தது. நஞ்சு நிரம்பிய சரக்குக் கப்பல்களோடு கிழக்கு மத்தியதரைக் கடலில் காத்திருப்பதுதான் காவல் கப்பல்களின் வேலை. பின்னர் டயமண்ட் என்ற டெஸ்ட்ராயர் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டது. கடைசிச் சரக்கு 2014 ஜூனில்தான் சிரியாவை விட்டு வெளியேறியது. ரஷ்யாவும் மேற்கும் ஒரே காரியத்துக்காகக் கடலில் சேர்ந்து நின்றது அநேகமாக அதுவே கடைசி. அதே வருஷம் மார்ச்சில் உக்ரைனின் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு பிளிமத்தின் டெவன்போர்ட் தளத்தில் பெரிய பழுதுபார்ப்பு, 2017 வரை. சீ உல்ஃப் போய், அதைவிட நெடுந்தூரம் எட்டும் சீ செப்டர் ஏவுகணை வந்தது. ஆர்ட்டிசன் ரேடார் வந்தது. 18 வருஷத்துக்கென்று கட்டிய உடம்புக்குள் புதுத் தலைமுறை ஆயுதங்கள். மேலே உள்ள கருவியை மாற்றுவது சுலபம், தகடும் குழாயும் வயதானவை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன்.

2018 அக்டோபரில் மான்ட்ரோஸ் பிளிமத்தை விட்டுக் கிளம்பியது. சூயஸ் வழியாக நேரே போகாமல், அட்லாண்டிக்கைத் தாண்டி, பசிபிக்கைச் சுற்றிக்கொண்டு ஆசியாவுக்குப் போனது. 2019 மார்ச் 2 அன்று கிழக்குச் சீனக் கடலில், வடகொரியக் கொடிபறந்த ஒரு கப்பல் இன்னொரு கப்பலோடு ஒட்டி நின்று சரக்கு மாற்றுவதைக் கண்டது. ஐ.நா. தடையை மீறி எண்ணெய் கடத்தும் முறை இது. சுட முடியாது, ஏற முடியாது. படம் எடுத்து, இடமும் நேரமும் குறித்து ஐ.நா.வுக்கு அனுப்புவதுதான் வேலை.

அங்கிருந்து பஹ்ரைன். பிரிட்டன் 1971-ல் வளைகுடாவை விட்டு வெளியேறியபோது கைவிட்ட தளத்துக்குப் பதிலாக, மினா சல்மானில் 2018-ல் ஒரு புதிய கடற்படை வசதியைத் திறந்திருந்தது. மான்ட்ரோஸை அங்கேயே நிறுத்திவிடுவது, வீட்டுக்குத் திருப்பி அழைக்காமல் மாலுமிகளை மட்டும் மாற்றுவது என்பது திட்டம். என் கணிப்பில் இந்தக் கப்பலின் வரலாற்றில் மிக முக்கியமான விஷயம் இதுதான், ஆனால் செய்திகளில் அதிகம் அடிபடாததும் இதுதான்.

கணக்கு எளிது. தூரத்துக் கடலில் எப்போதும் ஒரு கப்பல் நிற்க வேண்டுமானால் மூன்று கப்பல்கள் வேண்டும் என்பது கடற்படைகளின் பொதுவான அனுபவம். ஒன்று இடத்தில் நிற்கும், ஒன்று போய்க்கொண்டோ வந்துகொண்டோ பயிற்சியிலோ இருக்கும், ஒன்று பழுதுபார்ப்பில் கிடக்கும். 2019-ல் பிரிட்டனிடம் 13 ஃபிரிகேட்டுகளும் 6 டெஸ்ட்ராயர்களும்தான் இருந்தன, அவற்றிலும் கணிசமானவை தளத்தில் பிரிந்து கிடந்தன. அதனால் கப்பலை அங்கேயே விட்டு, சுமார் 200 பேர் கொண்ட இரண்டு குழுக்களை நாலு மாதத்துக்கு ஒருமுறை விமானத்தில் மாற்றினார்கள். இரண்டாவது குழு எங்கிருந்து வந்தது? டெவன்போர்ட்டில் வேலையில்லாமல் கிடந்த மன்மத் கப்பலிலிருந்து. மன்மத் அதற்குப் பிறகு கடலுக்குத் திரும்பவே இல்லை, 2021-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆக இரண்டு கப்பலின் ஆட்கள் ஒரே கப்பலை ஓட்டினார்கள் என்பதுதான் நிஜம். மாலுமிகளுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. எப்போது வீடு திரும்புவோம் என்பது முன்கூட்டியே தெரியும்.

இனி நீங்கள் கேட்ட ஜூலை மாதம்.

2019 ஜூலை 4 அன்று ஜிப்ரால்டர் அருகே பிரிட்டிஷ் மரைன்கள் (கப்பலில் போகும் தாக்குதல் வீரர்கள்) கிரேஸ் 1 என்ற எண்ணெய்க் கப்பலைப் பிடித்தார்கள். ஈரானின் கச்சா எண்ணெயை ஐரோப்பிய ஒன்றியத் தடையை மீறி சிரியாவுக்குக் கொண்டுபோகிறது என்பது குற்றச்சாட்டு. பதிலுக்குப் பதில் வரும் என்று ஈரான் வெளிப்படையாகவே சொன்னது. ஜூலை 10 அன்று பிபி நிறுவனத்துக்காக ஓடிய பிரிட்டிஷ் ஹெரிடேஜ் என்ற டேங்கர் வளைகுடாவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது, மான்ட்ரோஸ் அதைத் தொடர்ந்து வந்தது. ஈரான் தரப்பின் மூன்று படகுகள் டேங்கரின் வழியை மறிக்கப் பார்த்தன. மான்ட்ரோஸ் இரண்டுக்கும் நடுவில் புகுந்து, துப்பாக்கிகளைப் படகுகளை நோக்கித் திருப்பி, ரேடியோவில் எச்சரித்தது. படகுகள் திரும்பிவிட்டன. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று ஈரான் மறுத்தது.

ஜூலை 19 கதை வேறு. ஸ்டெனா இம்பெரோ, ஸ்வீடன் நிறுவனத்தின் டேங்கர், பறந்தது பிரிட்டிஷ் கொடி. சவுதியின் ஜுபைலுக்குப் போய்க்கொண்டிருந்தது, அதாவது வளைகுடாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஈரானின் புரட்சிகரக் காவல் படையின் படகுகள் சூழ்ந்தன. மேலே ஹெலிகாப்டர் வந்து முகமூடி வீரர்கள் கயிறு வழியாகத் தளத்தில் இறங்கினார்கள். மான்ட்ரோஸ் ரேடியோவில் பேசியது. சர்வதேச நீரிணையில் சட்டப்படி கடந்து செல்லும் கப்பலைத் தடுக்கக் கூடாது என்று அது ஈரான் படகிடம் திரும்பத் திரும்பச் சொல்வது வெளியான ஒலிப்பதிவில் கேட்கிறது. ஆனால் மான்ட்ரோஸ் அந்த இடத்தில் இல்லை. 28 நாட் என்பது மணிக்கு 52 கி.மீ. கயிற்றில் இறங்கி கப்பலை ஓட்டும் அறையைப் பிடிக்கச் சில நிமிடம் போதும். கொஞ்ச தூரம் தள்ளி இருந்தாலும் கதை முடிந்தது. வீரர்கள் ஏறிய பிறகு வந்து சேர்ந்தாலும் என்ன செய்ய முடியும்? 23 மாலுமிகள் உள்ளே இருக்கும்போது சுட முடியாது. கப்பலும் ஈரானின் கடல் எல்லைக்குள் ஓட்டிச் செல்லப்பட்டுவிடும்.

அதனால் மான்ட்ரோஸ் முதல் தடவை வீரமாகவும் இரண்டாம் தடவை சோம்பலாகவும் இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் தடவை அது டேங்கரின் பக்கத்திலேயே இருந்தது, அவ்வளவுதான். கப்பலின் தளபதி வில்லியம் கிங் அந்த மாதம் ஊடகங்களிடம் பேசும்போது, 27 நாளில் ஈரான் படைகளோடு 85 தடவை எதிர்ப்பட நேர்ந்ததாகச் சொன்னார். வளைகுடாவில் பிரிட்டனிடம் சில கண்ணிவாரிக் கப்பல்களும் இருந்தன, ஆனால் டேங்கருக்குத் துணைபோகும் தகுதியுள்ள போர்க்கப்பல் இது ஒன்றுதான். இரண்டாவதாக டங்கன் என்ற டெஸ்ட்ராயர் வந்தது ஜூலை 28-ல். குறை சொல்ல வேண்டுமானால், கிரேஸ் 1-ஐப் பிடிக்க முடிவெடுத்தவர்கள் அதற்கு முன்பே இரண்டாவது கப்பலை வளைகுடாவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். பதிலடி வரும் என்பதை ஊகிக்கப் பெரிய உளவுத்துறை தேவையில்லை.

நம் ஊடகங்கள் அப்போது சரியாகவே கவனித்த ஒன்று: ஸ்டெனா இம்பெரோவின் 23 பேரில் 18 பேர் இந்தியர்கள். ஜிப்ரால்டரில் பிடிபட்ட கிரேஸ் 1-லும் பெரும்பாலானோர் இந்தியர்கள்தான். லண்டனும் டெஹ்ரானும் மோதிக்கொண்டதில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டது நம் ஊர் மாலுமிகள். கிரேஸ் 1 ஆகஸ்டில் விடுபட்டது. ஸ்டெனா இம்பெரோவில் ஏழு பேரைச் செப்டம்பர் ஆரம்பத்தில் விட்டார்கள், கப்பல் செப்டம்பர் 27-ல்தான் ஈரானைவிட்டு வெளியேறியது.

மான்ட்ரோஸின் பேரில் எனக்கு மரியாதை வந்தது 2022 சம்பவங்களால். ஜனவரி 15 அன்று அரபிக் கடல் பக்கம் ஒரு டன்னுக்கு மேல் போதைப்பொருளைப் பிடித்தது, ஹெராயின்தான் அதில் அதிகம். அது பழக்கப்பட்ட வேலை. ஜனவரி 28, பிப்ரவரி 25 ஆகிய இரண்டு நாட்களில் பிடித்ததுதான் பெரிது. ஈரானுக்குத் தெற்கே சர்வதேசக் கடலில் இருட்டில் வேகமாகப் போன சிறு படகுகளைக் கப்பலின் வைல்ட்கேட் ஹெலிகாப்டர் கண்டுபிடித்தது, மரைன்கள் ரப்பர் படகுகளில் போய் ஏறினார்கள். இரண்டாவது தடவை அமெரிக்க டெஸ்ட்ராயர் கிரிட்லியின் ஹெலிகாப்டரும் உதவியது. மூட்டைகளுக்குள் இருந்தவை தரையிலிருந்து வானுக்கு ஏவும் ஏவுகணைகளும், 351 என்று குறிக்கப்படும் குரூஸ் ஏவுகணைக்கான இன்ஜின்களும். சுமார் 1,000 கி.மீ. எட்டும் அந்த வகை ஏவுகணை ஏமனின் கிளர்ச்சிப் படையான ஹூத்திகளிடம் இருந்தது. பிரிட்டன் இவற்றை லண்டனுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்து, ஜூலையில் வெளியே சொன்னது, ஐ.நா.விடமும் வைத்தது. ஹூத்திகளுக்கு ஆயுதம் எங்கிருந்து வருகிறது என்ற வாதத்தில் ஊகம் நிறைய, கையில் பிடித்த பொருள் குறைவு. பாகங்களைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது இப்படிப்பட்ட சோதனைகளால்தான். பிரிட்டிஷ் ஹெரிடேஜ் சம்பவத்தை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள், இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

சரி, அங்கேயே நிறுத்தியதன் விலை என்ன? டைப் 23 குளிர்ந்த வட அட்லாண்டிக்குக்காக வடிவமைத்த கப்பல். வளைகுடாவில் கோடையில் கடல்நீரே 30 டிகிரியைத் தாண்டும். இன்ஜினையும் கணினிகளையும் ஏவுகணை அறைகளையும் குளிர்விக்கக் கடல்நீரைத்தான் நம்ப வேண்டும், அந்த நீரே சூடாக இருந்தால் எல்லா இயந்திரமும் திணறும். இரண்டு குழுக்கள் மாறி மாறி வரும்போது, தன் கப்பல் என்ற பிடிப்பும் கொஞ்சம் குறையும் என்று கடற்படையில் சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் மூன்றரை வருஷத்துக்கு மேல் ஒரே கப்பலை அங்கே வைத்திருந்தது லாபமான கணக்குதான். போகவர ஆகும் வாரங்களை எல்லாம் ரோந்தில் செலவிட முடிந்தது. 2022 நவம்பரில் லங்காஸ்டர் வந்து இடத்தை ஏற்றுக்கொண்டது, அதுவும் அதே முறையில்.

மான்ட்ரோஸ் 2022 டிசம்பரில் பிளிமத் திரும்பியபோது அங்கிருந்து கிளம்பி நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்னொரு பெரிய பழுதுபார்ப்புக்குப் பணம் போட மனமில்லை, 2023 ஏப்ரல் 17 அன்று போர்ட்ஸ்மத்தில் கொடியை இறக்கிவிட்டார்கள். கடற்படைக்கு இதில் தயங்க நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பின்னர் வெஸ்ட்மின்ஸ்டர், ஆர்கைல், நார்தம்பர்லாந்து ஆகியவற்றுக்கும் 2024-ல் ஓய்வு அறிவித்தார்கள். நார்தம்பர்லாந்தைப் பிரித்துப் பார்த்தபோது, கட்டமைப்புச் சேதத்தைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று தெரிந்தது. புதிய சோனார் பொருத்திய கப்பலுக்கே அந்த நிலை. பொதுப்பணி ஃபிரிகேட்டுகளின் இடத்துக்கு ஸ்காட்லாந்தின் ரோசைத்தில் ஐந்து டைப் 31 கப்பல்கள் கட்டப்படுகின்றன. தூரத்துக் கடல்களில் நிறுத்திவைத்து ஆட்களை மட்டும் மாற்றுவது என்ற மான்ட்ரோஸ் முறையை அவற்றிலும் பின்பற்றுவதுதான் திட்டம்.